ரசிகர் தினங்கள் வெறும் விற்பனை தினங்களாகிவிட்டனவா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். வருடா வருடம் மே 4 அன்று நண்பர்களோடு ஸ்டார் வார்ஸ் தினம் கொண்டாடி வந்திருக்கிறீர்கள். இந்த முறை அந்த வாரம் முழுக்கக் கண்ணில் பட்டது தள்ளுபடி மின்னஞ்சல்களும் 'இன்று மட்டும்' விளம்பரங்களும்தான். ரசிகர்கள் விளையாட்டாகத் தொடங்கிய இப்படிப்பட்ட நாட்கள் எல்லாமே அளவுக்கு மீறி வியாபாரமாகிவிட்டனவா, இனி இதில் கலந்துகொள்வதில் ஏதாவது அர்த்தம் உண்டா என்பது கேள்வி. கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: கூட்டச் செலவை ஈடுகட்ட ஸ்டிக்கர் அடித்து விற்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அப்படிச் செய்தால் நாங்களும் அதே வியாபாரிகள்தானே? எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. யாரோ எதையோ விற்கிறார்கள் என்பது மட்டும் உங்களை உறுத்தியிருந்தால் அதை எழுதியிருக்க மாட்டீர்கள். இந்த நாள் யாருக்குச் சொந்தம், அதை வைத்து யார் என்ன செய்யலாம் என்பதுதான் உங்களை உறுத்துகிறது.

நான் பல வருடங்கள் உரிமப் பொருள் தொழிலில் இருந்தவன். ஒரு படத்தின் அல்லது விளையாட்டின் பெயரையும் உருவங்களையும் சட்டையிலும் கோப்பையிலும் அச்சிட, உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, விற்பனையில் ஒரு பங்கை ராயல்டியாகக் கட்டும் தொழில் அது. உங்கள் பெட்டியில் வந்து விழும் அந்த மின்னஞ்சல்கள் எங்கே, எப்போது முடிவாகின்றன என்பது எனக்குத் தெரியும். அதே நேரம், விற்றுப் பழகியவனுக்கு விற்பனை அவ்வளவு பெரிய பாவமாகத் தெரியாது. அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

மே 4-இன் கதையே கொஞ்சம் வேடிக்கையானது. முதல் படம் வெளியானது 1977 மே 25 அன்று. படத்தில் திரும்பத் திரும்ப வரும் 'மே த ஃபோர்ஸ் பி வித் யூ' (ஆற்றல் உன்னோடு இருக்கட்டும்) என்ற வாழ்த்தின் தொடக்கமும் 'மே த ஃபோர்த்' என்ற தேதியும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிப்பதால் பிறந்த சிலேடைதான் மே 4. அது அச்சில் வந்ததாகத் தெரிந்த மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று எது தெரியுமா? 1979 மே 4 அன்று மார்கரெட் தாட்சர் பிரிட்டனின் பிரதமரானபோது அவருடைய கட்சி லண்டன் நாளிதழ் ஒன்றில் கொடுத்த வாழ்த்து விளம்பரம். ஆக, ரசிகர்களின் தூய்மையான நாள் என்று நாம் நினைப்பது அச்சேறியதே ஒரு விளம்பரத்தில், அதுவும் அரசியல் விளம்பரத்தில். பிறகு பல வருடங்கள் அது வாய்வழியாகவும் இணையத்திலும் சுற்றிய ஒரு நகைச்சுவையாகவே இருந்தது. 2007-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் படத்தின் முப்பதாம் ஆண்டை ஒட்டி மே 25-ஐ ஸ்டார் வார்ஸ் தினமாக அறிவித்தது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை, சிலேடை ஜெயித்துவிட்டது. 2011-இல் டொராண்டோவில் ஒரு திரையரங்கில் ரசிகர்கள் சேர்ந்து நடத்தியதைத்தான் ஒழுங்காகத் திட்டமிடப்பட்ட முதல் மே 4 கொண்டாட்டம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அடுத்த வருடம் அக்டோபரில் டிஸ்னி, ஸ்டார் வார்ஸ் படங்களைத் தயாரிக்கும் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை சுமார் 405 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2013-இலிருந்து டிஸ்னியின் பூங்காக்களிலேயே அந்த நாள் அதிகாரபூர்வமாகக் கொண்டாடப்படுகிறது. ரசிகர்கள் கூட்டம் போட்டதற்கும் நிறுவனம் வந்து உட்கார்ந்ததற்கும் இடையில் இரண்டே வருடம். 'முன்பெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது' என்று நாம் ஏங்கும் அந்த முற்காலம் நினைப்பதைவிட மிகவும் குட்டையானது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எல்லா 'தினங்களையும்' ஒரே மூட்டையில் கட்டிவிட்டுப் புலம்புகிறோம். ஏப்ரல் 26-ஐ ஏலியன் தினம் என்று 2016-இல் அறிவித்தது படத்தின் உரிமையாளரான ஸ்டுடியோ. பேட்மேன் தினத்தை 2014-இல், பாத்திரத்தின் 75-ஆம் ஆண்டுக்காக, தொடங்கியது பதிப்பகம். இவற்றைப் பார்த்து வணிகமாகிவிட்டதே என்று வருத்தப்படுவதில் பொருளில்லை, பிறவியே அதுதான். இலவசக் காமிக்ஸ் தினத்தைக் கொண்டுவந்தது கடைக்காரர்கள். 2002-இல் முதன்முதலாக அது நடந்ததும், தற்செயலாக, ஒரு மே 4 அன்றுதான். வாசகருக்கு அன்று காமிக்ஸ் இலவசம் என்றாலும், கடைக்காரர் அந்தப் பிரதிகளைப் பதிப்பகத்திடமிருந்து காசு கொடுத்தே வாங்குகிறார். கடைக்குள் ஆட்கள் வர வேண்டும் என்பதுதான் நோக்கம், அதை யாரும் மறைக்கவும் இல்லை. எனக்குத் தெரிந்து அந்த நாளைப் பற்றி ரசிகர்கள் கசப்பாகப் பேசுவது அபூர்வம். ஆனால் 2008-இல் தொடங்கிய இசைத்தட்டுக் கடைகள் தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் சிறு கடைகள் தங்களுக்காகவே தொடங்கியதுதான், இருந்தும் குறை நிறைய வருகிறது. பெரிய நிறுவனங்கள் பழைய ஆல்பங்களைச் சிறப்புப் பதிப்பாகப் போட்டுத் தள்ள, தட்டு அச்சடிக்கும் ஆலைகளில் சிறு இசை நிறுவனங்களின் வேலை பின்னால் தள்ளிப்போகிறது என்பது அவற்றில் முக்கியமானது. இரண்டுமே விற்பனைக்காகவே பிறந்த நாட்கள். ஒன்று கசக்கவில்லை, இன்னொன்று கசக்கிறது. பிரச்சினை பணம் புழங்குவதில் இல்லை, யார் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பதில் இருக்கிறது என்று நான் நினைக்க ஆரம்பித்தது இதைப் பார்த்த பிறகுதான்.

ஸ்டார் வார்ஸ் விஷயத்தில் ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் படத்தின் மீதான பாசமும் அதன் பொம்மைகளின் மீதான பாசமும் முதலிலிருந்தே பின்னிப் பிணைந்தவை. பொருட்கள் விற்கும் உரிமையை இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தன் கையில் வைத்துக்கொண்டது திரைத்துறையில் இன்றும் பேசப்படும் ஒப்பந்தம். 1977 கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியாத கென்னர் நிறுவனம், பொம்மைகள் பின்னால் தபாலில் வரும் என்ற சான்றிதழை ஓர் அட்டை உறைக்குள் வைத்து விற்றது. குழந்தைகளுக்கு அன்று கிடைத்தது பொம்மை இல்லாத பொம்மைப் பெட்டி. அதையும் வாங்கினார்கள், பின்னாளில் அதை நெஞ்சுருக நினைவுகூர்ந்தார்கள். இப்படி வளர்ந்த ஒரு ரசிகர் உலகத்தில் வணிகம் நேற்று வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று சொன்னால் வரலாறு ஒத்துழைக்காது.

சரி, அப்படியானால் எந்த நாளும் தப்பவில்லையா? தப்பியவை இருக்கின்றன. ஏன் தப்பின என்று பார்ப்பது உங்கள் கேள்விக்கு நேரடியாக உதவும். 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' என்ற நகைச்சுவை விண்வெளி நாவலை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸ் 2001 மே 11 அன்று இறந்தார். இரண்டு வாரம் கழித்து, மே 25 அன்று, அவருடைய வாசகர்கள் ஆளுக்கொரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடமாடினார்கள். விண்வெளியில் ஓசிப் பயணம் போகிறவனுக்குத் துண்டைவிட உபயோகமான பொருள் கிடையாது என்று அவர் எழுதிய நகைச்சுவைக்கு அது மரியாதை. துண்டு தினம் இன்றும் தொடர்கிறது. 2015-இல் இத்தாலிய விண்வெளி வீரர் சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்தே அந்த நூலின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினார். இத்தனை பிரபலமான நாளைச் சுற்றி ஏன் பெரிய விற்பனைத் திருவிழா எழவில்லை? தொழில்காரனாகச் சொல்கிறேன், அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தேவைப்படுவது துண்டு. எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பழைய துண்டுதான் இன்னும் பொருத்தமாக இருக்கும். அதன் மேல் எழுத்து அச்சிட்டு விற்கலாம், விற்கவும் செய்கிறார்கள், ஆனால் அது இல்லாதவர் ஒரு துளிகூடக் குறைந்தவராகத் தெரிய மாட்டார். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் பெயரிலான வாசிப்பு தினமும் அப்படித்தான். டோல்கீன் சங்கம் 2003 முதல் மார்ச் 25 அன்று நடத்துகிறது. செய்ய வேண்டிய ஒரே காரியம் வாசிப்பது. அலமாரியிலோ நூலகத்திலோ இருக்கும் பிரதி போதும்.

இதுதான் நான் பயன்படுத்தும் அளவுகோல். அந்த நாளில் செய்கிற காரியம் என்ன? வாசிப்பது, பாடுவது, சேர்ந்து படம் பார்ப்பது, ஒரு பாத்திரத்தைப் போலப் பேசுவது என்றால் வியாபாரம் ஓரத்தில்தான் நிற்கும். உடுத்துவது, சேகரிப்பது, காட்டிக்கொள்வது என்றால் வியாபாரம் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். அதை யாரும் சதி செய்து கொண்டுவர வேண்டியதில்லை. ஒரு பைசா செலவழிக்காத ஆள் அன்று முழுமையாகக் கலந்துகொள்ள முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், சுற்றிலும் ஆயிரம் கடை இருந்தாலும் அந்த நாள் கெட்டுப்போகவில்லை. உங்கள் மே 4-இல் அது முடிகிறதா இல்லையா என்பதை என்னைவிட நீங்கள்தான் சொல்ல முடியும்.

இந்த அளவுகோலுக்கு அடங்காத ஒரு நாளும் உண்டு, அது புளூம்ஸ்டே. அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசீஸ் நாவல் நடப்பது 1904 ஜூன் 16 அன்று, டப்ளினில். அதன் ஐம்பதாம் ஆண்டான 1954-இல் பேட்ரிக் கவனா, ஃப்ளான் ஓ'பிரையன் போன்ற எழுத்தாளர்கள் சிலர் குதிரை வண்டி பிடித்து, நாவலில் வரும் இடங்களையெல்லாம் சுற்றி வரக் கிளம்பினார்கள். பாதி வழியில் ஒரு மதுக்கடையில் பயணம் முடிந்துபோனது. (ரசிகர் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல் அன்றும் இன்றும் இப்படித்தான்.) இன்று அது நகரத்தின் பெரிய சுற்றுலா விழா. ஆனால் அந்த நாளுக்கு மிகப் பெரிய நெருக்கடி கடைக்காரர்களிடமிருந்து வரவில்லை, உரிமையிடமிருந்து வந்தது. 2004-இல் நூறாம் ஆண்டு விழா நெருங்கியபோது, பொது வாசிப்புகளும் கையெழுத்துப் பிரதிகளின் கண்காட்சியும் பதிப்புரிமையை மீறுவதாகும் என்று ஜாய்ஸின் வாரிசு தரப்பு எச்சரித்தது. கண்காட்சி சட்டச் சிக்கலில் மாட்டாமல் இருக்க அயர்லாந்து அரசு அவசரமாகப் பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ஜாய்ஸ் இறந்தது 1941. ஐரோப்பாவில் அவர் வாழ்நாளில் வெளியான நூல்களின் உரிமைக் காலம் 2011 முடிவோடு தீர்ந்தது. 2012 ஜூன் 16 அன்று யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உரக்க வாசிக்கலாம் என்றானது. ஜாய்ஸை வாசிக்க விரும்பியவரைத் தடுக்கக் கடைகளால் முடிந்ததில்லை. ஒரு வக்கீல் கடிதத்தால் முடிந்தது.

அந்த மின்னஞ்சல்களுக்கு வருகிறேன். அவை ஏன் வருகின்றன என்பதில் ரகசியம் இல்லை. புதுப் படம் வெளியாகும்போது பொருட்கள் நன்றாக விற்கும், ஆனால் படம் தள்ளிப்போகும், சில வருடங்கள் வராமலேகூட இருக்கும். ரசிகர் தினமோ நகராது. ஒவ்வொரு வருடமும் அதே தேதி, விளம்பரச் செலவில் பாதியை ரசிகர்களே செய்து கொடுத்துவிடுகிறார்கள், படமே தேவையில்லை. ஒரு பொருள் முதல் வரைபடம், மாதிரி, உரிமையாளரின் ஒப்புதல், உற்பத்தி, கப்பல் எல்லாம் கடந்து கடைக்கு வரப் பல மாதம், சில நேரம் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட தொழிலுக்கு நகராத தேதி ஒன்று கிடைப்பது வரம். யாரும் உங்கள் கூட்டத்தைக் குறிவைத்துக் கெடுக்க நினைத்ததில்லை. காலாண்டுக் கணக்கில் ஒரு காலியான கட்டம் இருந்தது, அது நிரம்பிவிட்டது. 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்பதில் மட்டும் ஜாக்கிரதை. எண்ணிக்கைக்கு வரம்பு என்பது வேறு, காலத்துக்கு வரம்பு என்பது வேறு. இத்தனை பிரதிதான் என்று எண் போட்டு வருவது ஓரளவு உண்மையான அருமை. இந்த வாரம் வரைதான் என்றால், வருகிற ஆர்டர் அத்தனைக்கும் அடித்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அதே பொருள் வேறு நிறத்தில் அடுத்த வருடம் வருவதும் நடக்கும். அவசரப்படுத்தும் விளம்பரங்களில் இந்த இரண்டில் எது என்று எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எழுதாவிட்டால் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

விற்பனையை இப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் நான், கவலைப்பட வேண்டியது எங்கே என்று நினைக்கிறேன் என்றால், அனுமதி விஷயத்தில். 2020 ஏப்ரலில் டிஸ்னியின் ஓடிடி சேவை, மே 4 ஹேஷ்டேக் போட்டுப் பிடித்த நினைவுகளைப் பகிருங்கள் என்று ரசிகர்களை அழைத்தது. கூடவே, அந்த ஹேஷ்டேக்கோடு பகிர்ந்தால் உங்கள் செய்தியையும் கணக்குப் பெயரையும் நாங்கள் எல்லா ஊடகங்களிலும் பயன்படுத்த ஒப்புக்கொள்வதாக அர்த்தம் என்றும் சொன்னது. ரசிகர்கள் வருடக்கணக்காகப் பயன்படுத்திவரும் ஹேஷ்டேக் அது. கிண்டலும் கோபமும் கொட்டியது. உடனே, தங்கள் கணக்கைக் குறிப்பிட்டு அந்தப் பதிவுக்குப் பதில் எழுதுபவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்று விளக்கம் வந்தது. சட்டப்படி அந்த முதல் வாக்கியத்துக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கும் என்பது வாதத்துக்கு உரியது. மனநிலையைக் காட்டியது என்பதில் வாதமில்லை: ரசிகர்களின் பொதுப் பேச்சைத் தன் வீட்டு முற்றமாக நினைக்கும் மனநிலை.

2018-இல் அமெரிக்காவில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. சிறு நகரங்களில் உள்ளூர்க்காரர்கள் நடத்திவந்த ஹாரி பாட்டர் விழாக்களுக்கு, அந்தப் படங்களை எடுத்த வார்னர் பிரதர்ஸ் புது விதிமுறைகளை அனுப்பியது. கதையில் வரும் பெயர்கள், இடங்கள், பொருட்கள் எதையும் பயன்படுத்தக் கூடாது என்றது. அவர்கள் சொன்ன காரணம், அனுமதியற்ற வணிக நடவடிக்கையைத் தடுப்பது. கவனியுங்கள், இங்கே 'அளவுக்கு மீறி வணிகமாகிவிட்டது' என்ற புகாரை எழுப்புவது நிறுவனம், புகாருக்கு ஆளானவர்கள் ரசிகர்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அந்த விழாக்களால் உள்ளூர்க் கடைகளுக்கு நல்ல வருமானம் வந்துகொண்டுதான் இருந்தது. சில விழாக்கள் பொதுவான மந்திரவாதி விழாவாகப் பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தன. ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடரிலும் இதே கதை. பொதுமக்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி எடுக்கத் திட்டமிட்ட ஒரு ரசிகர் படத்தின் மீது 2015 டிசம்பரில் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2016 ஜூனில் எல்லா ரசிகர் படங்களுக்கும் விதிகள் வந்தன: பகுதி ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம், இரண்டு பகுதிக்கு மேல் கூடாது, திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. வழக்கு 2017 ஜனவரியில் சமரசமாக முடிந்தது. பெரிய தொகையைத் திரட்டியவர் தூண்டிவிட்டது, வீட்டு மாடியில் கேமரா வைத்து எடுத்தவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டது.

எல்லா உரிமையாளர்களும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் மார்ச் 9 என்பது ஹட்சுனே மிக்கு தினம். 3, 9 என்ற எண்களை ஜப்பானிய மொழியில் 'மி-கு' என்று வாசிக்கலாம் என்பதால். 2007-இல் வந்த ஒரு பாடும் மென்பொருளின் அட்டைப்பட உருவம்தான் மிக்கு. அவளுக்குப் பாட்டும் படமும் கதையும் கொடுத்தது பெரும்பாலும் ரசிகர்கள். மென்பொருளை வெளியிட்ட கிரிப்டன் நிறுவனம், லாப நோக்கமில்லாத ரசிகர் படைப்புகளுக்குப் பொது அனுமதி கொடுத்து விதிகளை வெளிப்படையாக எழுதி வைத்தது. லாபம் வைக்காமல் செலவுக்காக மட்டும் விற்கும் ரசிகர்களுக்குத் தனியாக ஒரு இலவச விண்ணப்ப முறையும் வைத்தது. அந்த நாளில் நிறுவனமும் நிறையவே விற்கிறது, கச்சேரியும் நடத்தியிருக்கிறது. ஆனாலும் அது எங்கள் நாள் என்று ரசிகர்கள் சொல்வதில் தயக்கம் இல்லை. 1975 டிசம்பரில் சுமார் 700 பேரோடு டோக்கியோவில் தொடங்கிய காமிகெட் சந்தையில் ரசிகர்கள் தாங்களே அச்சடித்ததை விற்கத்தான் கூடுகிறார்கள். ஆனால் அங்கே வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது, விற்பவர், வாங்குபவர், தொண்டர் எல்லோரும் பங்கேற்பாளர்கள் என்பது அமைப்பாளர்களின் கொள்கை. ஸ்டார் வார்ஸ் உலகிலேயே 501-ஆவது படையணி என்ற ரசிகர் அமைப்பு 1997 முதல் இருக்கிறது. வில்லன் வேடங்களைத் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்கும் போவார்கள். வேடத்தைக் காட்டிச் சொந்தமாகச் சம்பாதிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. நிறுவனமே அவர்களைத் தன் விழாக்களுக்கு அழைக்கிறது. நல்ல ஏற்பாடா, இலவச விளம்பர வேலையா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். அவர்களில் பலர் அதைத் தெரிந்தே செய்கிறார்கள்.

இதுவரை சொன்ன தேதிகளும் நிகழ்வுகளும் பொதுவில் பதிவானவை. இனி சொல்வது என் கணிப்பு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் உள்ளே வந்ததால் ரசிகர்களின் பங்கேற்பு குறைந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். நான் நினைப்பது வேறு. கூட்டம் பெருகியிருக்கிறது, ஆனால் பழைய ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது கடினமாகியிருக்கிறது. முன்பு ஒரு ஹேஷ்டேக்கைத் தட்டினால் யாரோ ஒருவர் அட்டையில் செய்த தலைக்கவசம் கண்ணில் படும். இப்போது அதற்கு முன் விளம்பரப் பதிவுகள் வரிசை கட்டி நிற்கின்றன. இதை எண் போட்டு நிரூபிப்பது கடினம். பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அதில் ரசிகர் எது, விற்பனைப் பிரிவு எது, காசு வாங்கிக்கொண்டு எழுதிய ரசிகர் எது என்று பிரிக்க முடியாது. அந்த மூன்றாவது வகைதான் இப்போது வேகமாக வளர்கிறது என்பது என் எண்ணம். அப்புறம், விளம்பரத்தைப் பார்த்து இந்த வருடம்தான் முதல்முறை வந்தவரை ஏளனம் செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது வேண்டாம். அன்னையர் தினத்தைத் தொடங்கிய ஆன்னா ஜார்விஸ், பூ வியாபாரிகளையும் வாழ்த்து அட்டை வியாபாரிகளையும் எதிர்த்தே மீதி வாழ்நாளைச் செலவழித்தார். 1925-இல் ஒரு கூட்டத்தில் புகுந்து ரகளை செய்ததாகக் கைதுகூட ஆனார். அவருடைய கோபம் நியாயமானதுதான். ஆனால் அவர் போய் நின்ற அந்தக் கூட்டம் வியாபாரிகளுடையது இல்லை, போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார்களின் சங்கம், நிதிக்காகப் பூ விற்றுக்கொண்டிருந்தது. கோபம் முற்றினால் இப்படித்தான் ஆள் மாறி விழும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், மே 4 வணிகமாகிவிட்டது, ஆனால் 'அளவுக்கு மீறி' என்பதை உங்கள் கூட்டத்தில் நடப்பதை வைத்து முடிவு செய்யுங்கள், உங்கள் மின்னஞ்சல் பெட்டியை வைத்து அல்ல. அந்த வாரத்துக்கு மட்டும் விற்பனை மின்னஞ்சல்களுக்கு ஒரு வடிகட்டி போட்டுவிட்டு, யார் வருகிறார்கள், என்ன செய்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். வேடம் கட்டுவது மட்டும்தான் நிகழ்ச்சி என்றால், சேர்ந்து படம் பார்ப்பதையோ, வசனங்களை நடித்துக் காட்டுவதையோ, புதியவர்களுக்குக் கதை சொல்வதையோ நடுவுக்குக் கொண்டுவரலாம். வேடம் வாங்க முடியாதவருக்கு அப்போது ஓர் இடம் கிடைக்கும். முன்பு சொன்ன அளவுகோலை நீங்களே திருப்பிவிடும் வழி இது.

ஸ்டிக்கர் விஷயம். நான் வழக்கறிஞர் இல்லை, சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் பொதுவாக மட்டும் சொல்கிறேன். தேதி யாருக்கும் சொந்தமில்லை. பாத்திரங்களின் உருவமும் படத்தின் சின்னமும் எழுத்து வடிவமும் சொந்தமானவை. லாபம் வைக்கவில்லை, முப்பது பேருக்கு மட்டும்தான் என்பது தானாகவே உங்களைச் சட்டத்திலிருந்து விடுவிக்காது. நடைமுறையில் இவ்வளவு சிறிய அளவை யாரும் தேடி வருவதில்லை, ஆனால் அது அனுமதி ஆகிவிடாது. இணையத்தில் விற்பனைக்குப் போட்டால் நிலைமை வேறு. தேடிப் பிடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, அறிவிப்பு வந்தால் பக்கம் மூடப்படும். பாதுகாப்பான வழி, உங்கள் குழுவின் பெயரையும் நீங்களே வரைந்த படத்தையும் போட்டு அடிப்பது. பாத்திரமோ சின்னமோ வேண்டாம். அதைவிட எளிது, செலவை நேரடியாகப் பங்கு போட்டுக்கொண்டு ஸ்டிக்கரை வருகிற எல்லோருக்கும் சும்மா கொடுப்பது. நீங்கள் வியாபாரியாகிவிடுவீர்களா என்று கேட்டால், வாங்காதவருக்கும் கூட்டத்தில் அதே மரியாதை என்றால் ஆக மாட்டீர்கள். எப்படிச் செய்தாலும் அச்சகத்துக்கு வடிவமைப்பை அனுப்பும் முன், உரிமக் கடிதம் தேவையா என்று கேட்டுவிடுங்கள். தெரிந்த சின்னம் இருந்தால் உரிமக் கடிதம் கேட்கும் அச்சகங்கள் உண்டு, சிலர் பணத்தை வாங்கிய பிறகு கேட்பார்கள்.